இடதுகாலை எடுத்து வை

வித்தியாவை மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறக்குவதற்கு அந்த வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் அப்பா அரியரத்தினம் வெளிக்கதவைத் திறந்து, படியில் பனி உறைந்திருக்கிறதா என்று சப்பாத்துக் காலால் தட்டிப் பார்ப்பார். பிறகு அண்ணன் ரதீசன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்துவான். அவள் அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டதும் ஒரு முக்கல் முக்கி எழும்புவான். அம்மா சிவமலர் அவளுடைய ஊன்றுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, "மெதுவாடா, மெதுவா" என்று பின்னால் வருவாள். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது அங்கே குடியிருக்கும் அப்பாவின் தங்கை குணேஸ்வரி மாமி, கதவை அரைவாசி திறந்து தலையை நீட்டுவாள்.

"எங்கை பிள்ளையைக் கொண்டுபோறியள்?"

அந்தக் கேள்விதான் வித்தியாவின் மண்டையைக் கொதிக்க வைக்கும். போகிறவள் அவள். ஆனால் ஒருநாளாவது, எங்கை போறாய் என்று மாமி அவளிடம் கேட்டது கிடையாது.

"சந்தைக்கு மாமி. நல்ல விலை வந்தா வித்துப்போட்டு வாறம்."

"கால்தான் போச்சு, வாய் போகேல்லை" என்பாள் மாமி.

அண்ணனின் முதுகு சிரிப்பில் குலுங்கும். "எடியே, சிரிப்புக் காட்டாத. ரெண்டு பேரும் சேந்து உருளப்போறம்."

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அவர்கள் இருந்த வீட்டின் படிகள், அந்த நகரத்துப் பழைய வீடுகளில் பாதிக்கு இருப்பதுபோல, வெளியே இருந்தன. இரும்புப் படிகள். தெருவிலிருந்து நேரே ஏறாமல் இடுப்பை வளைத்துக்கொண்டு ஏறுபவை. உள்ளுக்குள் படி வைத்தால் இடம் வீணாகும் என்று எவனோ ஒரு காலத்தில் கணக்குப் போட்டு வெளியே தூக்கி மாட்டிவிட்டான். வருடத்தில் ஐந்து மாதம் பனி விழும் ஊரில். வித்தியா படித்தது கட்டடப் பொறியியல். அந்தப் படியைப் பார்க்கும் போதெல்லாம் அவளுக்கு அந்த எவனோ ஒருவனின் சட்டையைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருக்கும். வளைவின் உட்பக்கத்தில் பாதி பாதம் வைக்கக்கூட இடமில்லை. சாதாரணக் காலுக்கே இடமில்லை. அவளுடைய வலதுகாலோ சாதாரணக் கால் இல்லை.

அது நடந்தது 2004 நவம்பரில். வேலையில் சேர்ந்து முதல் வருடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவின் பழைய கொரோலாவில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். றோட்டில் கண்ணாடி போலப் பனி படிந்திருந்ததை யாரும் காணவில்லை. பக்கத்து லேனில் வந்த ட்றக் வழுக்கி, குறுக்கே திரும்பி, அவளைப் பாலத்தின் சுவரோடு சேர்த்துப் பிடித்தது. யாரிலும் பிழையில்லை என்றார்கள். அதுதான் அவளுக்கு நெடுநாள் பெரிய ஆத்திரமாக இருந்தது. ஏசுவதற்கு ஓர் ஆள்கூட இல்லாத விபத்து.

கதவை வெட்டித்தான் எடுத்தார்கள். தொடையெலும்பு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று வலதுபக்கம் முழுவதும் உடைந்து, இப்போது உள்ளே கம்பியும் ஆணியுமாக இருந்தது. முழங்கால் கதிரையில் இருக்கும் அளவுக்குத்தான் மடங்கும். நரம்பு செத்ததால் பாதம் தானாக மேலே தூக்காது; சப்பாத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டால்தான் விரல் நிலத்தில் இழுபடாமல் நடக்கலாம். கடைசி ஒப்பரேஷன் முடிந்த பிறகு டொக்டர் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"இனி இப்பிடித்தானாம்."

"மருந்து?"

"இல்லையாம்."

அப்பா தலையாட்டினார். சபனெல் தெருவில் ஒரு தையல் ஃபக்ரறியில் பதினாறு வருடமாகத் துணி வெட்டுகிறவர். வெட்டின துணியைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு ஹோலில் ரீவிக்கு மேலே வித்தியாவின் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்தது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் படிக்க வேண்டும் என்பதற்காக ரதீசன் பதினெட்டு வயதில் பாண் பேக்கரிக்கு வேலைக்குப் போனவன். இப்போது நெஸ்டமோல்ட் மாப் போத்தலும் அப்பிள் பையுமாக வந்த சனம் அந்தப் படத்துக்குக் கீழே இருந்து, "படிச்ச பிள்ளை, என்ன பாவம்" என்று மூக்கைச் சிந்தியது. படிக்காத பிள்ளைக்குக் கால் உடைந்திருந்தால் பரவாயில்லையா என்று வித்தியா கேட்டாள். அடுத்த கிழமையிலிருந்து சனம் குறைந்தது. அப்பிளும் குறைந்தது.

புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த நாளில்தான் எல்லாம் பிழையாகப் போனது.

2005 மே மாதம். படி காய்ந்து கிடந்தது, நல்ல வெயில். உடற்பயிற்சி கொடுக்கும் மிரேய் என்ற பெண் அவளைப் படி ஏறப் பழக்கியிருந்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பழுதான கால் முதலில். மிரேய் அதைச் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்திருந்தாள்: நல்லவர்கள் சொர்க்கத்துக்கு ஏறுவார்கள், கெட்டவர்கள் நரகத்துக்கு இறங்குவார்கள். வித்தியா ஐம்பது தரம் ஏறி இறங்கிவிட்டாள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆனால் படியடியில் அம்மா ஆலாத்தித் தட்டோடு நின்றாள். மாமி தேங்காய் உடைத்தாள். அயல் வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். செத்துப் பிழைத்த பிள்ளை வீட்டுக்கு வருகிறது. மங்கலமாக வர வேண்டாமா?

"வலதுகாலை எடுத்து வைச்சு வா பிள்ளை" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். புது வீட்டுக்குப் போகும்போது, பள்ளிக்கூடத்தின் முதல்நாள், பிளேனில் ஏறும்போது, வேலையின் முதல் காலை என்று பிறந்த நாளிலிருந்து கேட்ட சொல். மூளை யோசிக்கும் முன் கால் கேட்டுவிட்டது. மடங்காத வலதுகால் முதற்படியில் ஏறியது. முழுப் பாரமும் அதில் விழுந்தது. இரண்டாம் படிக்குப் போகுமுன் அது விட்டுக்கொடுத்தது. அவள் முகம் குப்புற இரும்பில் விழுந்தாள். நாடி கிழிந்து ஆறு தையல். ஆலாத்தித் தட்டில் இருந்த மஞ்சள் தண்ணீர் நடைபாதையெல்லாம் ஓடியது.

அன்று அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போன ரதீசன், அதன் பிறகு இறக்கி வைக்கவே இல்லை. ஒரு வருடம். "பிள்ளைக்குப் படி ஏலாது" என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. எங்கேயும் போவதென்றால் அண்ணனின் வேலை நேரம் பார்த்து, அப்பா படி தட்டிப் பார்த்து, மாமி கதவு திறந்து. பனிக்காலத்தில் உடற்பயிற்சிக்கு மட்டும் வெளியே போனாள். மற்ற நாட்களில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து, தெருவில் விழாமல் நடக்கிற சனத்தைப் பார்த்து எரிச்சல்பட்டாள்.

மார்ச் மாதம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவளுடைய மேசை இன்னும் இருக்கிறது, ஜூலை நடுப்பகுதியிலிருந்து வர முடியுமா என்று கேட்டார்கள். கட்டட வேலைத்தளங்களில் ஏறத் தேவையில்லை, வரைபடம் சரிபார்க்கிற வேலை.

"வருவேன்" என்றாள் வித்தியா. போனை வைத்த பிறகுதான் மூன்றாம் மாடியில் இருப்பது ஞாபகம் வந்தது.

அடுத்த கிழமை உடற்பயிற்சி முடிந்து வரும்போது, "அண்ணை, வில்லரேப் பக்கம் திருப்பு" என்றாள்.

"ஏன்?"

"திருப்பன்."

அந்த மாதத்தில் வீடு வாடகைக்கு விடுகிற அட்டைகள் ஜன்னல்களில் தொங்கத் தொடங்கியிருக்கும். மொன்றியலில் எல்லாரும் ஜூலை முதலாம் திகதிதான் வீடு மாறுவார்கள். நகரமே ஒரே நாளில் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும். அவள் முதல்நாளே போனில் கதைத்து வைத்திருந்த வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தச் சொன்னாள். கீழ்த்தளம். நேராக ஏறும் மூன்று சீமெந்துப் படிகள். அலுவலகத்துக்கு ஒரே பஸ், தரிப்பிடம் மூலையிலே. 

ரதீசன் இறங்கி வந்து முதுகைக் காட்டினான்.

"நீ காருக்குள்ளை இரு."

"அம்மா என்னைக் கொல்லுவா."

"அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு. இரு."

இடதுகால், வலதுகால், ஊன்றுகோல். இடதுகால், வலதுகால், ஊன்றுகோல். மூன்றாம் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அண்ணன் காருக்குள் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தான். மேல்மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர், ஒரு போர்த்துக்கேயர், கதவைத் திறந்து ஊன்றுகோலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தனியாகவா என்று கேட்டார்.

"தனியாகத்தான். இந்தப் படிக்கு ஒரு பக்கம்தான் கைபிடி இருக்கு. மற்றப் பக்கமும் வேணும். நீங்கள் போடுவீங்களா, இல்லை நான் ஆள் பிடிச்சுப் போடட்டா?"

அவர் போடுவதாகச் சொன்னார். அவள் கையெழுத்து வைத்தாள்.

வீட்டில் சொன்னபோது எல்லாரும் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கை கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"தனியாவோ? பெட்டைப்பிள்ளை தனியாவோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் இப்ப மட்டும் என்ன, தேவாரமோ பாடிக்கொண்டிருக்கு?"

"பொறு பிள்ளை" என்றார் அப்பா. "லவாலிலை ஒரு வீடு பாப்பம் எண்டுதானே இருக்கிறம். கீழ் அறை உனக்கு. ரெண்டு வரியம் பொறு."

"ரெண்டு வரியத்துக்கு நான் பார்சலோ அப்பா? அண்ணை தூக்கினா வெளியிலை, தூக்காட்டி உள்ளுக்கை? லவாலுக்குப் போனா அங்கை பஸ்ஸும் இல்லை. பேந்து ஆர் என்னைக் காரிலை ஏத்துறது? அண்ணைதான். அவனுக்குக் கலியாணம் கட்டிற யோசினை இல்லையோ?"

ரதீசன் புட்டைப் பார்த்தபடி, "இருக்கு" என்றான் மெதுவாக.

"உனக்கு ஏலாது" என்றாள் அம்மா. குரல் உயர்ந்துவிட்டது. "அண்டைக்கு விழுந்தது மறந்திட்டியோ? என்ரை கண்ணுக்கு முன்னாலை. ரெண்டு படி ஏற ஏலாத பிள்ளை தனியக் குடியிருக்கப் போறாவாம்!"

விழுந்த நாளிலிருந்து வித்தியா சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது. மற்ற எல்லாவற்றையும் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிப் பழகியவள், இதை மட்டும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். அன்று விழுங்க முடியவில்லை.

"நான் விழுந்தது கால் ஏலாமலில்லை அம்மா. ஏறேக்கை இடதுகால் முதல் வைக்கவேணும். எனக்குப் படிப்பிச்சவை. நீங்கள் வலதுகாலை வையெண்டு சொன்னீங்கள், நான் வைச்சன். அதுதான் விழுந்தனான்."

அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது. நெடுநேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது. கழுவ இருந்தது அந்த ஒரு கோப்பைதான்.

வித்தியாவுக்குச் சொன்னதில் பிழையில்லை என்று தெரியும். ஆனாலும் புட்டை விரலால் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அம்மா அவளோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். குளிக்க உதவினாள், தாங்கியின் பட்டியை இழுத்துக் கட்டினாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள். பேசினால்கூடச் சுவரைப் பார்த்துத்தான்: "சிலபேர் கஞ்சி குடிக்க வரலாம்."

மே மாதக் கடைசியில் ரதீசனின் முதுகு பிடித்துக்கொண்டது. பேக்கரியில் மாமூட்டை தூக்கியதால்தான் என்று அவன் சத்தியம் செய்தான். மாமி வேறு காரணம் சொன்னாள். எப்படியோ அவன் கட்டிலில் தட்டையாகக் கிடந்தான், எழும்ப முடியவில்லை. அன்று உடற்பயிற்சி நாள்.

"போன் பண்ணி வரேல்லை எண்டு சொல்லுவம்" என்றார் அப்பா.

"நான் இறங்குவன்" என்றாள் வித்தியா. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

படி காய்ந்து கிடந்தது. வளைவின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வலதுகாலை முதற்படியில் இறக்கினாள். அம்மா அவளைத் தாண்டி முன்னால் போய், அவளுக்கு முகம் காட்டி, கைகள் இரண்டையும் விரித்தபடி பின்பக்கமாக இறங்கத் தொடங்கினாள்.

"அம்மா, நான் விழுந்தா உங்களுக்கு மேலைதான் விழுவன். தள்ளுங்கோ."

அம்மா தள்ளவில்லை. ஒவ்வொரு படியிலும் அவளுடைய காலைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் மாடியில் மாமியின் கதவு திறந்தது. மாமி வாயைத் திறந்தாள், இருவரையும் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். அது முன்பு நடந்திராத காரியம்.

கீழே வந்தபோது வித்தியாவின் தோள்கள் நடுங்கின. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பனிக்காலத்தில் இதைச் செய்ய முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கு முடிந்தது என்பதும் தெரிந்தது.

அம்மா டாக்சியில் ஏறி அவளோடு வந்தாள். புனர்வாழ்வு நிலையத்துக்குள் அவள் அதற்கு முன் வந்தது, வித்தியா கட்டிலில் கிடந்த காலத்தில்தான். மூலையில் ஒரு கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நடுவில் பயிற்சிக்கு வைத்த மரப்படி. மிரேய் வித்தியாவை ஏறி இறங்கச் சொன்னாள். அம்மாவின் முகத்தைக் கண்டதும் என்ன நினைத்தாளோ, அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு பிரெஞ்சில் விளக்கத் தொடங்கினாள். இடதுகாலைத் தட்டிக் காட்டி மேலே விரலை உயர்த்தினாள். வலதுகாலைத் தட்டிக் காட்டிக் கீழே குத்தினாள்.

"என்ன சொல்லுறாள்?" என்று அம்மா கேட்டாள். இரண்டு மாதத்தில் வித்தியாவைப் பார்த்து அவள் கேட்ட முதற்கேள்வி.

"நல்லது சொர்க்கத்துக்கு ஏறுமாம். கெட்டது நரகத்துக்கு இறங்குமாம்."

அம்மா மிரேயை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கடை சைவசமயக்காரியோ?"

வித்தியா படியில் நின்று சிரித்த சிரிப்பில் விழப்பார்த்தாள். மிரேய் பதறி எழும்பினாள். அம்மா சிரிக்கவில்லை. "திருப்பி ஏறு, பாப்பம்" என்றாள். வித்தியா ஏறினாள். "இறங்கு." இறங்கினாள். "இன்னொருக்கா." பயிற்சி கொடுப்பது யார் என்பதே மறந்துபோகும் அளவுக்கு அம்மா அவளை ஏற்றி இறக்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

டாக்சியில் திரும்பும்போது வித்தியா கேட்டாள்: "ஜூலை முதலாந் திகதி வருவீங்களோ அம்மா?"

அம்மா ஜன்னலால் வெளியே பார்த்தாள். "குமர்ப்பிள்ளை தனியப் போற வீட்டுக்கு நான் விளக்குக் கொண்டு வரமாட்டன். வாசலுக்கும் வரமாட்டன்."

ஜூலை முதலாம் திகதி வெயில் கொளுத்தியது. தெரு முழுவதும் மெத்தைகள், அலுமாரிகள், நடைபாதையில் கைவிடப்பட்ட சோபாக்கள். ஒரு ஃபிரிட்ஜ் வெளிப்படியின் வளைவில் சிக்கி நிற்க, நான்கு பேர் அதற்குக் கீழே நின்று ஆளையாள் ஏசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க வித்தியாவுக்குப் பெரிய திருப்தியாக இருந்தது.

காலையில் அவள் மூன்று மாடியும் தானாக இறங்கினாள். அப்பா முன்னால் பெட்டியோடு போனார். முதுகு சுகமான ரதீசன் பின்னால் வந்தான். அம்மா குசினியிலிருந்து வெளியே வரவில்லை. "போட்டு வாறன் அம்மா" என்று வாசலில் நின்று இரண்டு தரம் சொன்னாள். உள்ளே ஏதோ பாத்திரம் சத்தம் போட்டது. அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டாள்.

மாமி மட்டும் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். அவளுக்கும் இதில் விருப்பமில்லைதான்; ஆனால் எதிர்ப்பு வேறு, புதுவீடு பார்ப்பது வேறு.

வில்லரே வீட்டுக்கு முன்னால் எல்லாரும் இறங்கினார்கள். போர்த்துக்கேயர் சொன்னபடி செய்திருந்தார்: படியின் இரண்டு பக்கமும் கைபிடி, ஒன்று பழசு, ஒன்று புதுப் பெயின்ற் மணத்தோடு. வித்தியா அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பிறகும் உள்ளே போக மனம் வரவில்லை. வெறுங்கையோடு, விளக்கில்லாமல், உப்பும் மஞ்சளும் இல்லாமல், ஒரு வீட்டுக்குள் போவதா? இந்தச் சாத்திரம் எல்லாவற்றையும் வாயால் கிழித்தவள்தான். ஆனால் இப்போது அந்த மூன்று படிக்கு முன்னால் காலை எடுத்து வைக்காமல் நின்றாள். அதற்காகவும் தன்னோடு ஆத்திரப்பட்டாள்.

"நல்ல நேரம் முடியப்போகுது" என்றாள் மாமி, மணிக்கூட்டைப் பார்த்தபடி. "ஏறு பிள்ளை, ஏறு."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் அப்பா திடீரென்று. அவர் தெருமூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் தரிப்பிடத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் மூலைக்கடைப் பை, மறுகையில் நெஞ்சோடு அணைத்த பிள்ளையார் படம். படத்தின் கண்ணாடியில் வெயில் பட்டு, ஃபிரிட்ஜ் தூக்குகிறவர்களின் கண்ணைக் கூச வைத்தது. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து சிவமலர் தனியாக பஸ் ஏறியதே இல்லை.

"பஸ்ஸிலோ வந்தனீங்கள்?" ரதீசனுக்கு வாய் பிளந்தது. "காரிலை வந்திருக்கலாமே!"

"காருக்குள்ளை உன்ரை மாமி இருந்தவ" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. பையைத் திறந்து பார்த்தாள்: உப்பு, மஞ்சள், அரிசி, சின்னக் குத்துவிளக்கு, பால். "பால் இஞ்சை மூலைக்கடையிலைதான் வாங்கினனான். போன்ஜூர் எண்டான், நானும் போன்ஜூர் எண்டன்."

"வரமாட்டன் எண்டீங்கள்" என்றாள் வித்தியா.

"விளக்குக் கொண்டு வரமாட்டன் எண்டனான். கொண்டு வந்திட்டன். இப்ப என்ன, திருப்பிக் கொண்டுபோகட்டோ?"

பிள்ளையார் படத்தை அம்மா அவளிடம் நீட்டினாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகை கைபிடிக்கு. எதைப் பிடிப்பது? அம்மா கொஞ்சம் யோசித்தாள். தன் சேலையில் குத்தியிருந்த பெரிய ஊசியைக் கழற்றி, வித்தியாவின் துப்பட்டாவை முன்னால் மடித்து, பிள்ளையாரை அதற்குள் தொட்டில் பிள்ளைபோல வைத்துக் குத்திவிட்டாள். ரதீசன் மறுபக்கம் திரும்பிச் சிரித்தான்.

மாமி சேலையைச் சரிசெய்துகொண்டு குரலெடுத்தாள். "சரி, எல்லாரும் தள்ளி நில்லுங்கோ. பிள்ளை, வலதுகாலை எடுத்து…"

வித்தியாவின் வலது தொடை துடித்தது. அவள் அதை உணர்ந்தாள். இவ்வளவு தெரிந்தும், இவ்வளவு விழுந்தும், அந்தச் சொல்லைக் கேட்டதும் கால் இன்னும் எழும்பப் பார்த்தது. நாடியில் பழைய தையல் இழுத்தது.

"குணேஸ், வாயை மூடு" என்றாள் அம்மா.

மாமியைப் பார்த்து அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பாகூட நிமிர்ந்தார்.

"இடது" என்றாள் அம்மா. வித்தியாவின் பின்னால் வந்து நின்றாள். "பிள்ளை, இடதுகாலை எடுத்து வை. நல்லது மேலை."

இடதுகால். வலதுகால். ஊன்றுகோல்.

"அப்பிடித்தான். இடது."

பின்னால் அம்மாவின் கைகள் விரிந்திருப்பது பார்க்காமலே தெரிந்தது. ஆனால் அவை தொடவில்லை. மூன்றாம் படி. வாசற்படி. அதிலும் இடது. உள்ளே வெறும் வீடு, பெயின்ற் மணம், தரையில் ஒரு துண்டு வெயில்.

அம்மாவும் படியேறி வந்தாள். வாசலில் ஒரு நொடி நின்று, தன் காலைக் குனிந்து பார்த்து, இடதுகாலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, தானும் காலை மாற்றிக்கொண்டார். ரதீசன், "நான் ரெண்டு காலாலையும் பாயப்போறன்" என்று பாய்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டான். மாமி மட்டும் வெளியே நின்றாள். வலதை முன்னால் வைத்தாள், எடுத்தாள், இடதை வைத்தாள், எடுத்தாள்.

"ஏதோ ஒண்டை வைச்சு வாங்கோ மாமி" என்றாள் வித்தியா. "இல்லாட்டி அண்ணை வந்து தூக்கவேண்டி வரும்."

பால் பொங்கும்போது அடுப்பில் வழிந்து, புகை கிளம்பி, கூரையில் இருந்த அலாரம் வீடே அதிரக் கத்தியது. மேலிருந்து போர்த்துக்கேயர் ஓடி வந்தார். அவர் பார்த்தது: ஊன்றுகோலைத் தூக்கி அலாரத்தைக் குத்திக்கொண்டிருக்கும் ஒருத்தி, அவளுக்குப் பக்கத்தில் துவாயால் விசிறும் ஒருத்தி, தரையில் விளக்கு, விளக்குக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டபடி எதற்கும் அசையாத ஒரு பட்டுச்சேலை. அம்மா அவருக்கு ஒரு கப்பில் சர்க்கரை போட்டுப் பால் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மெர்சி என்றார். அம்மாவும் மெர்சி என்றாள்.

பின்னேரம் எல்லாரும் வெளிக்கிட்டார்கள். வித்தியாவின் காலுக்குள் வலி தொடங்கிவிட்டது. வேலை கூடிய நாட்களில் வரும் வலி, இனி எப்போதும் வரப்போகும் வலி. இரவு மாத்திரை போட வேண்டும், தாங்கியை யாரும் கழற்றிவிட மாட்டார்கள், குளிக்கும் தொட்டியில் ஏறுவதை இன்னும் சரியாகப் பழகவில்லை. எல்லாம் தெரியும். ஆனாலும் வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். கார் வரை போகிறேன் என்றாள்.

அம்மா கீழே நின்று அவள் இறங்குவதைப் பார்த்தாள். ஊன்றுகோல் முதற்படியில் ஊன்றியது. வலதுகால் முன்னால் வந்து இறங்கியது. பிறகு இடது.

"நில்லு" என்றாள் அம்மா.

வித்தியா நின்றாள்.

"வெளியிலை போகேக்கை வலதுகால்தான் முதல் வருது!" அம்மாவின் முகம் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காணாத விதமாக விரிந்தது. "வேலைக்குப் போகேக்கையும் அப்பிடித்தானே? ஒவ்வொரு நாளும் வலதுகாலை வைச்சு வெளிக்கிடப் போறாய்!"

"அம்மா, அது நரகத்துக்கு இறங்கிற கால்."

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"வேலைக்குத்தானே போறாய். ரெண்டும் ஒண்டுதான்."

அப்பா சத்தமாகச் சிரித்தார். சபனெல் தெருத் தையல் ஃபக்ரறியில் பதினேழு வருடம் ஆகிவிட்டிருந்தது அவருக்கு. கார் மூலையில் திரும்பும் வரை வித்தியா நடைபாதையில் நின்றாள். பிறகு திரும்பி, மூன்று படியையும் ஒருதரம் பார்த்துவிட்டு, இடதுகாலைத் தூக்கினாள்.